மாதம் 2,000 ரூபாய்: டெக்னோவா, டப்ஸ்டெப்பா, உடைந்த தாளமா, ஜங்கிளா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புதிதாக டிஜே பண்ணத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, மாசம் ரெண்டாயிரம் ரூபாதான் ஒதுக்க முடியும். வெள்ளிக்கிழமையானா புது டிராக் குவியுது. எதை வாங்கறது?"

பிடித்ததை வாங்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பிடிப்பது ராத்திரி பதினொரு மணிக்கு ஹெட்ஃபோனில். ஆட வேண்டியது தென்னந்தோப்பில், வாடகை மைக் செட்டின் முன்னால். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் காசு வீணாகிறது. நான் அப்படி நிறைய வீணாக்கியிருக்கிறேன். அதனால் நம் ஊர் ஃப்ளோருக்கு வாங்கத் தகுந்த நான்கு வகைகளை எடுத்து, நம் ஸ்பீக்கர் பொட்டிகளையும் நம் கூட்டத்தையும் வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

நான்கு வகை என்றால்: ஒவ்வொரு அடிக்கும் கிக் (கனத்த டிரம் அடி) விழும் நேர்த்தாள டெக்னோ. 140 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 140 அடி) பாதி நடையில் போகும் டப்ஸ்டெப். டெக்னோ வேகத்திலேயே கிக் இடம் மாறி விழும் உடைந்த தாளம். அப்புறம் 170-ஐ ஒட்டி ஓடும் ஜங்கிளும் டிரம் அண்ட் பேஸும்.

எதை வைத்து அளப்பது

முதலாவது, பொட்டி எவ்வளவு கீழே இறங்கும் என்பது. இதை ஒரு டீ டம்ளரில் கற்றுக்கொண்டேன்.

கோபாலபுரத்துக்குப் பக்கத்துத் தோப்பு ஒன்றில், சாயங்காலம் நாலு மணிக்கு, மைக் செட் அண்ணன் பாக்ஸ்களை அடுக்கி முடித்திருந்தார். நான் 100 ஹெர்ட்ஸிலிருந்து 30 வரை (எண் குறையக் குறைய ஒலி கீழே இறங்கும்) வெறும் ஒற்றை ஒலிகளை பென் டிரைவில் கொண்டு போயிருந்தேன். பேஸ் பாக்ஸிலிருந்து பத்தடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் டீ டம்ளர். 80 ஹெர்ட்ஸ் போட்டதும் டீயின் மேல் வட்ட வட்டமாக அலை எழுந்தது. 60-இல் இன்னும் அழுத்தமாக. 50-இல் மெல்லிய நடுக்கம். 40 போட்டபோது டீ அசையவே இல்லை, பாக்ஸின் கோன் மட்டும் முன்னும் பின்னும் படபடவென்று அடித்துக்கொண்டது. அண்ணன் ஓடி வந்து ஃபேடரை இறக்கினார். "கண்ணு, இது சினிமாப் பாட்டுக்குக் கட்டின பொட்டி. நாப்பதுல சத்தம் வராது, கோன்தான் கிழியும்."

அன்று ராத்திரி போட என்று வாங்கி வைத்திருந்த ஏழு டப்ஸ்டெப் டிராக்குகளில் மூன்றின் உயிரே 40-ஐ ஒட்டித்தான் இருந்தது. போட்டேன். ஹை-ஹாட்டும் ஸ்னேரும் கேட்டன, நடுவில் ஒன்றுமே இல்லை. கூட்டம் பாட்டு நின்றுவிட்டதோ என்று மேடையைத் திரும்பிப் பார்த்தது.

வாங்கும் முன்பே இதை ஓரளவு கணிக்க முடியும். டிராக்கின் கீயை, அதாவது சுருதியை, பாருங்கள். அடிமட்ட பேஸ் ஈ-யில் நின்றால் 41 ஹெர்ட்ஸ், எஃப்-இல் நின்றால் 44, ஜி என்றால் 49, ஏ என்றால் 55. பேஸ் எப்போதும் கீயின் முதல் சுரத்திலேயே நிற்பதில்லை, அதனால் இது தோராயக் கணக்குதான். இருந்தாலும் ஈ மைனர் டப்ஸ்டெப்பையும் ஏ மைனர் டப்ஸ்டெப்பையும் ஒரே பொட்டியில் போட்டுப் பார்த்தவர்கள் இந்தக் கணக்கை மறக்க மாட்டார்கள்.

இரண்டாவது, பத்து மணி. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மத்திய அரசின் விதி, எனவே வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். திருவிழா நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. மூடிய மண்டபத்துக்குள் என்றால் விதிவிலக்கு உண்டு. ஆக, தோப்பில் நமக்குக் கிடைப்பது ஏழிலிருந்து பத்து வரை மூன்று மணி நேரம். அதையும் மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவது, ஆட வருகிறவர்களின் கால் எதற்குப் பழகியது. நான்காவது, ஒரு மணி நேரத்தை நிரப்ப எத்தனை டிராக் வேண்டும். நான் வாங்குகிற லேபிள்களில் (இசை வெளியீட்டு நிறுவனங்களில்) ஒரு டிராக் ஏறக்குறைய 100 முதல் 170 ரூபாய் ஆகிறது. 2,000 ரூபாய்க்கு 12 முதல் 20 டிராக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்த்தாள டெக்னோ

டெட்ராய்ட்டில் 1980-களில் பிறந்து பெர்லினில் வேர்விட்டது. பெர்லினில் ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்துக்குள் 1991-இல் தொடங்கிய ட்ரெசோர் கிளப்பின் லேபிளும், ஜெஃப் மில்ஸ் 1992-இல் ஆரம்பித்த ஆக்ஸிஸும் இன்றைக்கும் வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. புதிதாக வருவதில் 130-இல் மெதுவாக மயக்கும் வகை ஒன்று, 140-ஐத் தாண்டி இடிக்கும் வகை ஒன்று. இரண்டும் வேறு வேறு சரக்கு, ஒரே கூடையில் போடாதீர்கள்.

நம் பொட்டிக்கு இது ஒத்துவரும். கிக்கின் உடம்பு பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது. டிராக் ஆறு முதல் எட்டு நிமிடம் ஓடும், இரண்டை நீளமாகச் சேர்த்து மிக்ஸ் பண்ணலாம், எனவே ஒரு மணி நேரத்துக்கு 12 இருந்தால் போதும். ஒரு மாதக் காசில் ஒரு முழு செட். மிக்ஸிங் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது.

மறைந்திருக்கும் செலவு நேரம். மயக்கும் வகை டெக்னோ ஆளைப் பிடிக்க முக்கால் மணி நேரம் கேட்கும். அது பிடித்து, கண் சொருகி ஆடத் தொடங்கும்போது மணி ஒன்பதே முக்கால், தோப்புக்காரர் கையைக் காட்டுகிறார். இன்னொன்று, கல்யாண மண்டபம். கிரானைட் தரை, மேலே தகரக் கூரை. கிக்குக்குப் பின்னால் உறுமல் வால் வைத்துத் தயாரித்த டிராக்குகள் அங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சேறாகிவிடும். மண்டபத்துக்கு வாங்குவதென்றால் குட்டையான, காய்ந்த கிக் உள்ளதாகப் பாருங்கள்.

கொச்சியிலோ கோயம்புத்தூரிலோ மூடிய கிளப்பில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் உங்களுக்கென்று கிடைக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதில் காசைப் போடுங்கள்.

140 டப்ஸ்டெப்

எனக்கு உயிரானது இதுதான், அதனாலேயே கவனமாகச் சொல்கிறேன்.

தெற்கு லண்டனின் கிராய்டனில், 2000-களின் தொடக்கத்தில், பிக் ஆப்பிள் என்ற இசைத்தட்டுக் கடையைச் சுற்றி வளர்ந்தது. மாலா, கோக்கி, லோஃபா ஆகியோர் 2005-இல் பிரிக்ஸ்டனில் தொடங்கிய டிஎம்இசட் ஆட்ட இரவுகள் அதற்கு ஒரு கோயில் போல. மாலாவின் டீப் மெடி லேபிள் 2006-இலிருந்து இருக்கிறது. ஜமைக்கா சவுண்ட் சிஸ்டம் மரபின் நேர் வாரிசு இது. பாட்டையும் பொட்டியையும் ஒன்றாகவே யோசித்துச் செய்த இசை. பொட்டி இல்லையென்றால் பாட்டில் பாதி இல்லை.

140 பிபிஎம் என்றாலும் ஸ்னேர் மூன்றாவது அடியில் விழுவதால் உடம்புக்கு 70 போலத் தெரியும். நல்ல சப் (அடிமட்ட ஒலிக்கான பேஸ் பொட்டி) இருக்கும் இடத்தில் சட்டை படபடக்கும், நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ நடப்பது போல இருக்கும். அந்த ஒரு அனுபவத்துக்காக இதை வாங்குவதில் தப்பே இல்லை.

ஆனால் மறைந்திருக்கும் செலவு பாட்டின் விலையைவிடப் பெரியது. கீழே 40 வரை போகும் சப் வேண்டும், அதை வாடகைக்கு எடுக்க உங்கள் பல மாத பாட்டுக் காசு போய்விடும். திறந்தவெளியில் சுவரின் உதவியும் கிடையாது. 40 ஹெர்ட்ஸின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம், தோப்பில் அது தாராளமாகப் பரவிக் கரைந்துபோகும். இருக்கிற பேஸ் பாக்ஸ்களை மேடையின் இடது ஓரத்தில் பாதி, வலது ஓரத்தில் பாதி என்று பிரிக்காமல் நடுவில் ஒட்டி அடுக்கச் சொன்னால் கொஞ்சம் தேறும். அண்ணன்மார்கள் முதலில் முறைப்பார்கள், ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் அவர்களே அப்படித்தான் அடுக்குவார்கள்.

இன்னொரு தொல்லை, காத்திருப்பு. இந்த உலகத்தில் ஒரு பாட்டு வெளியாவதற்கு மாதக்கணக்கில் முன்பே சில டிஜேக்களின் கையில் மட்டும் டப்பிளேட் என்ற தனிப் பிரதியாகச் சுற்றும். நீங்கள் கேட்டு மயங்கிய பாட்டு விற்பனைக்கே வந்திருக்காது.

நல்ல சப் உள்ள ஒரு இடம் உங்களுக்கு நிலையாகக் கிடைக்கிறது என்றால், அல்லது நீங்களே நண்பர்களோடு சேர்ந்து பொட்டி கட்டுகிறீர்கள் என்றால், முதலிடம் இதற்குத்தான். இல்லையென்றால் ஜி, ஏ பக்கம் நிற்கும் டிராக்குகளை மட்டும் பொறுக்குங்கள்.

உடைந்த தாளம்

இதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு பெயர் இல்லை. பேஸ் என்பார்கள், பிரிஸ்டல் டெக்னோ என்பார்கள், கிளப் என்பார்கள். பென் யுஎஃப்ஓ, பான்ஜியா, பியர்சன் சவுண்ட் மூவரும் 2007-இல் தொடங்கிய ஹெஸ்ஸில் ஆடியோ, பெவரலிஸ்ட் 2011-இல் பிரிஸ்டலில் தொடங்கிய லிவிட்டி சவுண்ட், அதே ஊரில் பாட்டு 2015-இல் தொடங்கிய டைம்டான்ஸ் (இங்கே பாட்டு என்பது ஓர் ஆளின் பெயர்), மியூனிக்கின் இலியன் டேப். இந்த நான்கு லேபிள்களையும் பின்தொடர்ந்தாலே வகை புரிந்துவிடும். வேகம் 125-க்கும் 140-க்கும் நடுவில். டப்ஸ்டெப்பின் பேஸ், டெக்னோவின் ஓட்டம், ஆனால் கிக் நேராக விழாது. தோல் வாத்தியம் போன்ற ஒலிகள் முன்னால் நிற்கும்.

அதனால்தான் நம் மண்ணில் இது வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் செண்டை மேளத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். பஞ்சாரி மேளத்தில் ஐந்து காலம், ஒரு சுற்றுக்கு 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12, 6 என்று சுருங்கிக்கொண்டே வரும். அந்தக் கணக்கைக் கையை மேலே வீசி எண்ணுகிறவர்கள் பூர மைதானத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் துடும்பும் பறையும் பம்பையும். இவர்களில் யாருக்கும் "டும் டும் டும் டும்" என்று நேராக அடித்தால்தான் ஆட வரும் என்பது இல்லை. அடி விழாத இடத்தில் உடம்பை வைக்கத் தெரிந்த கூட்டம் இது.

போன தை மாதம் மீனாட்சிபுரத்தை ஒட்டிய ஒரு தோப்பில் கண்ணால் பார்த்தேன். எட்டரை மணி வரை நேர்த்தாளம் போய்க்கொண்டிருந்தது, முன் வரிசையில் பையன்கள் மட்டும் குதித்தார்கள். நான் உடைந்த தாளத்துக்கு மாறினேன். ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு அக்காக்கள், வள்ளி கும்மி பழகியவர்கள், எழுந்து வந்தார்கள். கிக் விழாத இடத்தில் கை தட்டி, ஒரு எட்டு உள்ளே, ஒரு எட்டு வெளியே, அப்படியே ஒரு சுற்று. பத்து நிமிடத்தில் பதினைந்து பேர் வட்டம். அந்தப் பாட்டைச் செய்தவருக்கு இந்த ஆட்டம் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை, ஆனால் அது அவர்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

பொட்டிக்கும் நல்லது. பேஸ் இருந்தாலும், தாளத்தின் உயிர் 60 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை உள்ள தோல் ஒலிகளில் இருப்பதால், சப் கொஞ்சம் குறைந்தாலும் பாட்டு செத்துப்போகாது.

செலவுகள் உண்டு, மறைக்க மாட்டேன். ஒன்று, தேடும் நேரம். கடைகளின் வகைப் பட்டியலில் இது பிரேக்ஸிலும் இருக்கும், பேஸிலும் இருக்கும், டெக்னோவிலும் இருக்கும். வாரம் மூன்று மணி நேரமாவது கேட்டுக் கழிக்க வேண்டும். இரண்டு, மிக்ஸிங். நேரான கிக் இல்லாததால் மென்பொருள் போடும் தாளக் கட்டம் அடிக்கடி அரை அடி தள்ளி விழும், தாளத்தைத் தானே ஒட்டவைக்கும் சிங்க் பொத்தானை நம்பினால் மேடையில் மானம் போகும். வாங்கிய ஒவ்வொரு டிராக்குக்கும் வீட்டில் உட்கார்ந்து கட்டத்தைக் கையால் சரிசெய்யுங்கள். மூன்று, மோனோ. நம் மைக் செட்டுகள் பெரும்பாலும் இரண்டு சேனலையும் ஒன்றாக்கித்தான் ஓட்டுகின்றன. அகலமாக விரித்த ஒலிகள் மோனோவில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். வாங்கும் முன் ஃபோனின் அமைப்பில் மோனோ ஆடியோவைப் போட்டு ஹெட்ஃபோனில் ஒருமுறை கேளுங்கள்.

ஜங்கிளும் டிரம் அண்ட் பேஸும்

1969-இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் டிரம்மர் வாசித்த சில நொடிகளை வெட்டி ஒட்டி ஒரு முழு வகையே வளர்ந்தது. மெட்டல்ஹெட்ஸ் லேபிள் 1994-இலிருந்து நிற்கிறது. கூட்டம் சூடாக இருக்கும்போது போட்டால் தீ பிடிக்கும். ஆனால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு 25, 30 டிராக். உங்கள் மாதக் காசு அரை மணி நேரத்தில் எரிந்துவிடும். கடைசி இருபது நிமிடத்துக்கு மாதம் ஒன்றிரண்டு என்று சேர்த்தால் போதும். 174-இன் முக்கால் பங்கு 130.5 என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மூன்றாகத் துள்ளும் ஒரு 130 டிராக்கிலிருந்து நேராக இதற்குள் நுழையலாம்.

ஒரே பார்வையில்

| | நேர்த்தாள டெக்னோ | 140 டப்ஸ்டெப் | உடைந்த தாளம் | ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் |
|---|---|---|---|---|
| வாடகைப் பொட்டியில் | நன்று | பாதி போய்விடும் | நன்று | சுமார் |
| ஒரு மணிக்கு டிராக் | 12 | 18–22 | 14–16 | 25–30 |
| ஆளைப் பிடிக்க | முக்கால் மணி | சப் இருந்தால் உடனே | பத்து நிமிடம் | உடனே |
| மறைந்த செலவு | நேரம் | பொட்டி வாடகை | தேடல், கட்டம் திருத்தல் | எண்ணிக்கை |
| ஏற்ற இடம் | மூடிய கிளப், நீண்ட செட் | நல்ல சப் உள்ள அரங்கு | தோப்பு, கலந்த கூட்டம் | கடைசி இருபது நிமிடம் |

எங்கே வாங்குவது

பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடையில் வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம், மீதி பெரும்பாலும் பாட்டுக்காரர் அல்லது லேபிளுக்குப் போகிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுவிடுகிறார்கள், நான் மாதக் காசை அந்த நாளுக்காகச் சேர்த்து வைப்பேன். சின்னச் சின்னதாக ஐந்து தடவை வாங்காமல் ஒரே தடவையாக வாங்குவதில் ஒழுங்கும் வரும். வெளிநாட்டுப் பணத்தில் வாங்கும்போது பல கார்டுகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுத்துக்கொண்டு, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போடும். கணக்கில் சேருங்கள்.

கோப்பை ஏஐஎஃப்எஃப் வடிவில் இறக்குங்கள். பழைய சிடிஜே (டிஜேக்களின் பிளேயர்) கருவிகள் பலவற்றில் ஃபிளாக் வடிவக் கோப்பு ஓடாது. பாட்டின் பெயர், அட்டைப் படம் எல்லாம் ஏஐஎஃப்எஃப்பில் ஒழுங்காக ஒட்டிக்கொள்ளும். ஆறு நிமிடப் பாட்டு 60 எம்பி வரும், வரட்டும்.

மாதச் சந்தா கட்டி நேரடியாக ஸ்ட்ரீம் செய்து போடும் வழி, கேட்டுத் தேர்ந்தெடுக்க நல்லது. தோப்பில் ஒரு கோடு சிக்னலை நம்பி மேடை ஏறுவதற்கு அல்ல. இசைத்தட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் தபால் செலவு சில நேரம் தட்டின் விலையைத் தாண்டும், சுங்கம் தனி. பாலக்காட்டுக் கணவாயின் பங்குனி வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மத்தியானம் வைத்தால் அப்பளம் போல வளைந்துவிடும். எனக்கு இரண்டு தட்டு அப்படிப் போயிருக்கிறது.

என் பங்கீடு

எல்லை ஊர்த் தோப்புகளில் ஆடவைக்கிறவர் என்றால், 2,000-இல் 1,200 ரூபாயை உடைந்த தாளத்துக்கு வையுங்கள். 500 நேர்த்தாளத்துக்கு, அதுவும் ஐந்து நிமிடத்துக்குள் சூடேறும் வகைக்கு. மீதி 300-இல் ஏ-யில் நிற்கும் ஒரு டப்ஸ்டெப்பும், கடைசிக்கு ஒரு ஜங்கிளும். கொச்சியில் நிலையாக ஒரு கிளப் இரவு கிடைத்துவிட்டவர்கள் முதல் இரண்டு எண்களையும் அப்படியே இடம் மாற்றிக்கொள்ளலாம். மண்டபத்துக்கு மட்டும் போகிறவர்கள் டப்ஸ்டெப்பைக் கூட்டலாம், மூடிய இடத்தில் கீழ் ஒலி கொஞ்சம் நிற்கும்.

எந்த இடமானாலும் கூட்டம் வரும் முன் பென் டிரைவைக் கொடுத்து அந்த ஒற்றை ஒலிகளை ஓட்டச் சொல்லுங்கள். ஈக்வலைசரை நேராக்கச் சொல்லிக் கேளுங்கள், "அண்ணா, ஒரு பாட்டுக்கு மட்டும்" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. டம்ளர் எந்த எண்ணில் நிற்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் இப்போது பதினோரு இடங்களின் எண் இருக்கிறது. ஒன்றே ஒன்றில்தான் 40-இல் டீ அசைந்தது. ஈ மைனரில் இருக்கும் டிராக்குகளை அந்த ஒரு இடத்துக்காகத் தனிக் கோப்புறையில் சேர்த்து வருகிறேன், இதுவரை ஒன்பது ஆகிவிட்டது.